மேலோடையில் என்ன ஆச்சு

விடியற்காலை மூன்று பதினேழு.
செலாயாங் பெட்ரோல் நிலையத்தில்
கேமரன் மலைக் கோசு ஏற்றிய லாரி.
நூற்றெண்பது ரிங்கிட் டீசலுக்கு
இருதயசாமி கைப்பேசியை அழுத்துகிறார்.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி:
அப்ஸ்ட்ரீம் துண்டிக்கப்பட்டது, தலைப்புகள் வருமுன்பே.

அவருடைய குரல்பதிவு எனக்கு வந்து சேர்ந்தது.
"அப்ஸ்ட்ரீம்னு போட்டிருக்கே தங்கச்சி,
கோம்பாக் ஆத்துல தண்ணி ஏறிருச்சா?
நான் சுத்திப் போகணுமா, நேரா போகலாமா?
அப்புறம்...
என் காசு?"

மூன்று முறை அழுத்தியிருக்கிறார்.

கிரிஞ்சியில், பத்தொன்பதாம் மாடியில்,
ஆறிப்போன கோப்பி ஓவோடு
பதிவுகளைப் புரட்டுகிறேன்.
நுழைவாயில் என்கிறோம்;
அந்தச் சொல்லுக்குள் வாய் இருப்பதை
நான்கு வருடமாய் நான் கவனிக்கவில்லை.
வாசலில் நிற்பது, கேட்டதை உள்ளே கொண்டுபோவது,
உள்ளே சொன்னதை வெளியே கொண்டுவருவது.
உள்ளே யாரும் பேசாவிட்டால்
வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறது.

சில நாள் அளவுக்கு மீறிச் சொல்லும்.
சர்வரின் பெயர், உள்முகவரி,
எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் விழுந்தோம் என்று
வீட்டுக் கடனையெல்லாம்
தெருவில் நிற்பவனிடம் ஒப்பிக்கும்.
சில நாள் இருநூறு, எல்லாம் சுகம் என்று
சிரித்த முகத்தோடு உறையை நீட்டும்.
பிரித்தால் உள்ளே சாவுச்சேதி.

காலைக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுத
ஏழு பேர் உட்கார்ந்தோம்.
"மன்னிக்கவும்" என்பதைச் சட்டப்பிரிவு எடுத்தது.
மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகுமாம்.
"தற்காலிகத் தடங்கல்" என்றார் ஒருவர்.
அது மழை மாதிரி, யாருடையதும் இல்லை.
"பணம் எடுக்கப்படவில்லை, மீண்டும் முயல்க" என்றாள் ஃபர்ஹானா.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
நல்ல வாக்கியம். சுருக்கமானது.
பொய்.

ஐந்நூற்று நான்கு என்றால் என்ன?
முப்பது விநாடி காது கொடுத்தோம்,
பிறகு காதை எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.
முப்பத்தோராவது விநாடியில் வங்கி
"ஆச்சு" என்று சொல்லியிருக்கலாம்,
கேட்க ஆளில்லாத கூடத்தில்.

"அப்போ என்ன எழுதுவது?"
"தெரியவில்லை என்று."
"உனக்குத் தெரியவில்லையா?"
"இல்லை, அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.
'தெரியவில்லை' என்று."

குளிர்சாதனத்தின் சத்தம் அதற்கு முன்
அத்தனை தெளிவாய்க் கேட்டதில்லை.

சாயங்காலம் ஏற்றினோம்:
பணம் போனதா என இன்னும் தெரியவில்லை.
பத்து நிமிடத்தில் சொல்கிறோம்.
அதுவரை மறுபடி அழுத்த வேண்டாம்.
கேட்க வேண்டுமானால் இந்த எண்.

மலாய் சரியாக வந்தது. சீனம் வந்தது. ஆங்கிலமும்.
தமிழ் மட்டும்
வரிசையாய் கேள்விக்குறிகள்,
இறுதிவரை, நாற்பது ஐம்பது.
எழுத்துரு வகையைத் தலைப்பில் யாரும் சொல்லவில்லையாம்.
வாசல் தனக்குத் தெரிந்த மட்டும் வாசித்திருக்கிறது.
ஒரு சொல் சேர்த்தேன். கேள்விக்குறிகள் எழுத்தாகின.
இந்த ஒரு சொல்லுக்காக
எத்தனை மாதம் எத்தனை பேர்
அந்தக் கேள்விகளையே பதிலாக வாங்கிப்போனார்களோ.

மூன்றில் இரண்டு உள்ளே நடந்திருந்தது.
ஒன்றைத் திருப்பினோம்.
நூற்றெண்பது ரிங்கிட், எண் சொல்லி,
நானே அழைத்தேன்.
பின்னால் செலாயாங் சந்தை இரைந்தது,
யாரோ கோசுக்கு விலை கத்தினார்கள்.

"வந்துருச்சு, பாத்தேன்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆத்த பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

கண்ணாடிக்கு அப்பால் வடக்கே
கறுத்துத்தான் இருந்தது. மேகமா இரவா,
இந்த மாடியிலிருந்து சொல்ல முடியாது.

"தெரியலண்ணே" என்றேன்.

"சரி, சரி.
நான் போய்ப் பாத்துக்குறேன்."